ஃபில்டரைப் பிரித்துப் பார்ப்பது

பெங்களூரு வில்சன் கார்டனில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போர்ஷே பாக்ஸ்டர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வரும். 2002-ஆம் வருடத்து வண்டி. வைத்திருப்பவர் எங்கள் திருப்பத்தூர் பக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். விற்கிற எண்ணமே கிடையாது. "நான் இருக்கிற வரைக்கும் இது ஓடணும் தம்பி, அதுக்கு என்ன செய்யணுமோ செய்" என்பார். இப்படிச் சொல்லி வருகிறவர்கள் குறைவு. நின்றுபோன வண்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஆயில் இறக்கியதும் நான் ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடமாட்டேன். பிளேடால் தாளை அறுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து, வெள்ளைத் தட்டில் வைத்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். மினுக்குகிற துகள் ஏதாவது இருந்தால் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோவேன். ஒட்டினால் இரும்பு: பேரிங்கோ செயினோ தேய்கிறது. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். பழுப்பாகக் கெட்டியான பிளாஸ்டிக் சில்லு கிடந்தால் செயின் உரசும் கைடு தேய ஆரம்பித்துவிட்டது. பத்து நிமிட வேலைதான். இன்ஜினைப் பிரிக்காமலே அதன் வயிற்றுக்குள் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்.

இந்த இன்ஜினுக்கு இது இன்னும் முக்கியம். இதில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒன்று உண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கின் சுற்றை வாங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டின் செயின்களுக்குக் கொடுப்பது அது. அதன் ஒரு முனை சீல் வைத்த பேரிங்கில் சுற்றுகிறது. சீல் தளர்ந்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் கரைந்துபோய் அழுக்கு ஆயில் புகுந்துகொள்ளும். பேரிங் உடைந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று நேரம் ஒத்து நகரும் டைமிங் போய், வால்வு பிஸ்டனில் மோதி, இன்ஜின் முடிந்தது. 2005 வரை வந்தவற்றில் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் கழற்றினால் அந்தப் பேரிங்கை மாற்றிவிடலாம். அடுத்து வந்த பெரிய பேரிங்கை எடுக்க இன்ஜினையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். 2009 மாடலிலிருந்து அந்த ஷாஃப்ட்டே இல்லை. அதனால்தான் கிளட்ச் மாற்ற வந்தபோதே, "சார், எப்படியும் இவ்வளவு கழற்றப் போறோம், பேரிங்கையும் மாத்திடலாம்" என்றேன். செலவைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் சரி என்றார்.

இன்ஜின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்பக்கம், இரண்டு ஓரங்களில். நம்ம ஊர் மரங்கள் உதிர்க்கிற இலையெல்லாம் பம்பர் துளை வழியாக அங்கே போய் அடையும். ஒரு வருடம் பம்பரைக் கழற்றியபோது, ஈரமாக மட்கிய இலையைக் கை நிறைய அள்ளினேன். டிராஃபிக்கில் சூடு ஏறியதற்குக் காரணம் அதுதான். அத்தோடு வாட்டர் பம்ப்பையும் கெடுகிற வரை விடாமல் மாற்றினோம். அதன் பிளாஸ்டிக் இறக்கை உடைந்தால் சில்லுகள் தண்ணீர்ப் பாதையில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

இவ்வளவு பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் வேறொரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அப்பா இறந்தபின் வருடக்கணக்கில் ஷெட்டில் மூடியே வைத்திருந்த வண்டி. ஒருமுறை அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும் என்றார் மகன். நானும் ஆசையில் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். அந்த வண்டியில் செயினுக்குப் பதில் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றும் டைமிங் பெல்ட்டைப் பார்க்கவில்லை. ரப்பர் பெல்ட்டுக்கு ஓடினாலும் வயதாகும், நின்றாலும் வயதாகும். இன்ஜின் பிடித்து நாலு விநாடி ஓடியிருக்கும், 'டப்' என்று ஒரு சத்தம். மறுபடி சாவி போட்டால் செல்ஃப் மட்டும் எடையே இல்லாமல் சுற்றுகிறது. ஹெட்டை இறக்கினோம், வால்வுகள் வளைந்திருந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்த லேசான செல்ஃப் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அதனால் பாக்ஸ்டர் சாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மூடி வைக்காதீர்கள், ஓட்டுங்கள். வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது ஓட்டுவதில் சேராது, அது கெடுதல். பெட்ரோல் எரியும்போது உண்டாகிற ஈரம் ஆயிலில் தங்கிவிடும். தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்தபின்னும் ஆயில் சூடாக இன்னும் நேரமாகும், அதுவரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தக் கூடாது. பெட்ரோலும் டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது. இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஆகாது.

இப்போது ஞாயிறு விடியற்காலை அவர் நந்தி மலை அடிவாரம் வரை போய் வருகிறார். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு ஃபில்டர் தாளையும் கவரில் போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி என் டிராயரில் வைத்திருக்கிறேன். போன மாதம் வந்தபோது எல்லாவற்றையும் பெஞ்சில் வரிசையாக விரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கடைசித் தாளில் காந்தத்தில் ஒட்ட ஒன்றும் இல்லை.