வேரைப் பார்த்துத் தண்ணீர்: சென்னை பால்கனியிலிருந்து ஆர்க்கிட் குறிப்புகள்

ஜூன் 9
வெயில் இன்னும் இறங்கவில்லை. டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகைக்குக் கவலையில்லை, இந்த ஊர் அதற்கு ஒத்துப்போகிறது. இன்னொரு வகையான வாண்டா வெறும் கூடையில் தொங்குகிறது, வேரெல்லாம் காற்றில். காலையில் தண்ணீர் தெளித்தபோது சாம்பல் வெள்ளையாக இருந்த வேர், நனைந்த இடத்திலிருந்து பச்சையாகிக்கொண்டே போனது. வேரின் மேலுறை தண்ணீரை உறிஞ்சியதும் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. தண்ணீர் விட நான் பார்ப்பது இதை மட்டும்தான். வெளுத்திருந்தால் விடுவேன், பச்சையாக இருந்தால் விடமாட்டேன். "வாரம் ரெண்டு தடவை" என்று பொதுவாகச் சொல்லும் கணக்கு இங்கே உதவாது. இந்த வெயிலில் வாண்டா தினம் இரண்டு வேளை கேட்கிறது, மழைக்காலத்தில் பல நாள் ஒரு சொட்டும் கேட்காது.

ஜூன் 23
எதிர்வீட்டு அக்கா ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் ஒன்றைக் கொண்டுவந்தார். பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்ததாம். பூ கொட்டியதும் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட இருந்தாராம். இலைகள் கெட்டியாகத்தான் இருக்கின்றன. தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால், நடுவே சொதசொதவென்று பாசி உருண்டை, அதை ஒட்டிய வேர்களெல்லாம் பழுப்பு. விரலால் அழுத்தினால் தோல் கழன்று உள்ளிருக்கும் நார் மட்டும் மிஞ்சுகிறது. ஓரத்தில் இருந்த வேர்கள் தப்பித்திருக்கின்றன. கத்தரிக்கோலைத் தீயில் காட்டி அழுகியதை வெட்டினேன். மரக்கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு கலந்து மறுபடி நட்டாயிற்று.

காட்டில் இது மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்கிற செடி. மழையில் நனையும், காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். தொட்டியிலும் அதைத்தான் அமைத்துத் தர வேண்டும். யாராவது செம்மண்ணில் நட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

ஜூலை 14
போர் தண்ணீரில் உப்பு அதிகம். கரித்துண்டுகள் மேல் வெள்ளையாகப் படிகிறது, வேர் நுனி கருகுகிறது. மாடியில் டிரம் வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கிறோம். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில்), லிட்டருக்கு அரை கிராம் போதும். முதலில் வெறும் தண்ணீர், அப்புறம்தான் உரத் தண்ணீர்.

ஆகஸ்ட் 18
ஏற்காடு போய் வந்தோம். அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மலைப்பாதையில் ஒருவர் கிளையிலிருந்து பிய்த்த ஆர்க்கிட்களைக் கட்டாகக் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். வாங்கவில்லை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அகத்தியமலையில் மட்டுமே இயற்கையாக வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட் இப்படிப் பிடுங்கிப் பிடுங்கித்தான் அழிவின் விளிம்புக்கு வந்தது.

ஆர்க்கிட் விதை தூசி போல இருக்கும். உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருந்தும் செடியாவது மிகச் சில. சர்க்கரை கலந்த அகாரில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று 1922-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் காட்டினார். அதன் பிறகு ஆய்வகக் குடுவைகளில் எத்தனை செடி வேண்டுமானாலும் வளர்க்க முடிகிறது. அப்புறம் எதற்குக் காட்டில் கைவைக்க வேண்டும்?

அக்டோபர் 27
விடாத மழை. ஃபலனாப்சிஸை உள்ளே தள்ளி, தொட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தேன். இலைக்கூம்பில் தண்ணீர் தேங்கினால் நடுக்குருத்து அழுகிவிடும். வாண்டா வெளியிலேயே ஆனந்தமாக நனைகிறது.

டிசம்பர் 15
அக்காவின் செடியில் இலைக்கு அடியிலிருந்து புதிதாக ஒன்று எட்டிப்பார்க்கிறது. வேரா, பூந்தண்டா? வேர் நுனி உருண்டு பளபளக்கும். இது கொஞ்சம் தட்டை, ஒரு பக்கம் மடல் மூடியிருக்கிறது. பூந்தண்டேதான்! சில வாரங்களாவது வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கி நின்றால்தான் இது தண்டு விடும். சென்னையில் அந்த வாய்ப்பு இந்தக் குளிர்மாதங்களில்தான். ஆறு மாதமாக ஒரு அசைவும் இல்லையே என்று அலுத்துக்கொண்ட அக்காவை உடனே கூப்பிட்டுக் காட்டினேன்.

மார்ச் 2
முதல் பூ விரிந்தது, ஊதாக் கோடு போட்ட வெள்ளை. செடியை அக்கா வீட்டுக்கே அனுப்புகிறேன். அங்கே கிழக்கு ஜன்னலில் காலை வெயில் மட்டும் விழும், அதற்கு அது போதும். "பூ கொட்டினதும் தண்டை உடனே வெட்டாதீங்க. பச்சையா இருக்கிற வரைக்கும் கணுவிலிருந்து மறுபடி பூக்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். இங்கே டென்ட்ரோபியத்தின் பழைய தண்டில் ஒரு குட்டிச் செடி வேர் விட்டிருக்கிறது. வேர் இன்னும் கொஞ்சம் நீளட்டும், பிரித்து அதையும் அக்காவுக்கே கொடுக்கலாம்.