சுகர், பிரஷர் கிளினிக்கில் தூக்கத்தைக் கேட்பது: மார்ச் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

நீண்டநாள் நோயாளிகளிடம் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்க்க ஸ்டாப்-பேங் படிவம்தான் கைக்கு எளிது. குறட்டை, பகல் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தது, பிரஷர், பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு, ஆண் என எட்டுக் கேள்விகள். ஒவ்வொரு ‘ஆமாம்’-க்கும் ஒரு மதிப்பெண். 3, 4 வந்தால் நடுத்தர அபாயம். 5-ம் அதற்கு மேலும் வந்தால் அதிகம்.

ஆனால் இது 2008-ல் டொரான்டோவில் அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக உருவானது. நம் வரிசையில் நிற்கும் 55 வயது ஆண், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கும் முன்பே 3 வாங்கிவிடுகிறார். இப்படி எண்ணினால் பாதி வரிசையை ஸ்லீப் ஸ்டடிக்கு (இரவுத் தூக்கச் சோதனைக்கு) எழுத வேண்டியிருக்கும். அதனால் இரண்டாவது கணக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது: முதல் நான்கு கேள்விகளில் குறைந்தது 2 ‘ஆமாம்’, கூடவே ஆண் அல்லது பிஎம்ஐ 35-க்கு மேல் அல்லது பருத்த கழுத்து. அப்படியென்றால் அதிக அபாயம்.

பிஎம்ஐ 35 நம் ஊர் உடம்புக்குப் பொருந்தாது. இங்கே 25-ஐயே உடல்பருமன் என்கிறோம். 29 உள்ளவருக்கு அந்தக் கட்டத்தில் பூஜ்யம் விழும். அதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

மார்ச் 5, புதன்

கழுத்து அளவு. தையல் டேப் போதும். நிமிர்ந்து உட்காரவைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, தொண்டையில் துருத்தி நிற்கும் மேட்டுக்குச் சற்றுக் கீழே சுற்ற வேண்டும். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. தாலிச் சரடு, சங்கிலி, சட்டைக் காலர் எல்லாம் டேப்புக்கு வெளியே. ஆணுக்கு 43 செ.மீ., பெண்ணுக்கு 41 செ.மீ. எல்லை.

அடிக்கடி நடக்கும் தவறு: பின்னால் டேப் சரிந்து முதுகுப் பக்கம் இறங்கிவிடும், 2 செ.மீ. கூடிவிடும். பின்பக்கம் ஒரு விரலால் பிடித்துக்கொண்டால் போதும்.

மார்ச் 10, திங்கள்

“குறட்டை விடுவீங்களா?” என்று நோயாளியிடம் கேட்டால் “இல்லை” என்றுதான் வரும். பக்கத்தில் படுக்கிறவரிடம் கேட்க வேண்டும். தனி அறையில் படுக்கும் பெரியவர் என்றால், “கதவு சாத்தியிருந்தும் சத்தம் கேட்குதா? குறட்டை நின்று, அமைதியாகி, திடீரென்று மூச்சை இழுத்துக்கொண்டு எழுவாரா?” என்று வீட்டாரிடம் கேட்கலாம்.

பெண்களிடம் குறட்டைக் கேள்வி கூச்சத்திலேயே நின்றுவிடும். அவர்கள் தூக்கமின்மை, காலைத் தலைவலி, அசதி என்றுதான் சொல்வார்கள். மாதவிடாய் நின்ற பிறகு அபாயம் கூடுகிறது. படிவத்திலோ ஆணுக்குத்தான் மதிப்பெண்.

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதைச் சுகர், புராஸ்டேட் என்று ஒதுக்கிவிடுகிறோம். மூச்சுக்குழல் அடைத்திருக்கும்போது நெஞ்சு காற்றை இழுக்கப் போராடுகிறது. இதயம் விரிந்து, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. சுகர் கட்டுக்குள் இருந்தும் எழுகிறார் என்றால் இதை நினைக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

எப்வொர்த் படிவம் பகல் தூக்கத்தை 24-க்கு அளக்கிறது. 10-க்கு மேல் போனால் அதிகம். சிக்னலில் நிற்கும் காரில் கண்ணயர்வீர்களா என்பது ஒரு கேள்வி. கார் இல்லாதவரிடம் பஸ் என்று மாற்றிக் கேட்கிறோம்.

இதயச் செயலிழப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (தாறுமாறான இதயத் துடிப்பு) உள்ளவர்களில் பலருக்கு மூச்சடைப்பு கடுமையாக இருந்தும் பகலில் தூக்கம் வராது. எப்வொர்த் குறைவு என்று அவர்களை விட்டுவிடுவது பெரிய பிழை. சிறுநீர் மாத்திரை உட்பட மூன்று மருந்து கொடுத்தும் பிரஷர் இறங்காத நோயாளியை, படிவம் என்ன சொன்னாலும் ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்ப வேண்டும்.

ஸ்டாப்-பேங் 3 அல்லது அதற்கு மேல் இருந்து, ரத்தத்தில் பைகார்பனேட் (அமிலத்தைச் சமன்செய்யும் உப்பு) 28-ஐத் தொட்டால் சந்தேகம் வலுக்கிறது. சிறுநீரக நோயாளிக்கு இந்தக் கணக்கு உதவாது. அமிலம் சேர்ந்து பைகார்பனேட் கீழே இறங்கியிருக்கும். சிறுநீர் மாத்திரை அதைத் தனியாகவே ஏற்றிவிடும்.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டுச் சோதனைக் கருவி: மூக்கில் குழாய், நெஞ்சில் பெல்ட், விரலில் ஆக்சிமீட்டர். நல்ல பதிவு குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்: முகத்தில் எண்ணெய் இருந்தால் பிளாஸ்டர் ஒட்டாது, நள்ளிரவில் குழாய் நழுவும். நகப்பூச்சை அழித்துவிட்டு மாட்ட வேண்டும். வாயால் மூச்சு விடுகிறவருக்கு மூக்கில் காற்றோட்டம் இல்லாததுபோலக் கோடு படுத்துவிடும். நெஞ்சு பெல்ட்டும் ஆக்சிஜனும் சேர்ந்து என்ன காட்டுகின்றன என்று பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

மூளை அலை பதிவாகாததால் கருவி தூங்கிய நேரத்தால் வகுக்காமல், பதிவான நேரத்தால் வகுக்கிறது. பாதி இரவு விழித்துக் கிடந்தவருக்கு மணிக்கு எத்தனை தடை என்ற எண் குறைந்தே வரும். 5-க்குக் கீழே வந்தும் அறிகுறி பலமாக இருந்தால் ஆய்வகத்தில் முழு இரவுச் சோதனை செய்ய வேண்டும்.

இதயச் செயலிழப்பு, பக்கவாதம் வந்தவர், கடுமையான நுரையீரல் நோய், நாள்பட்ட ஓபியாய்ட் (மார்ஃபின் வகை) வலி மருந்து: இவர்களுக்கு வீட்டுக் கருவியே வேண்டாம். மூளை மூச்சுவிட மறந்துபோகும் வகையும் இவர்களிடம் கலந்து வரும். அதற்குச் சிகிச்சை வேறு.

மார்ச் 22, சனி

சீட்டில் “ஸ்லீப் ஸ்டடி” என்று மட்டும் எழுதி அனுப்பினால் பாதிப் பேர் போவதில்லை. படிவ மதிப்பெண், கழுத்து அளவு, ஆக்சிஜன் அளவு, சாப்பிடும் மாத்திரைகள் இவ்வளவும் சீட்டில் இருக்கட்டும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். லாரி, பஸ் ஓட்டுகிறவர் என்றால் அதையும் மேலேயே எழுதி, முதல் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.