பிரேக் கருகும் வாடை

"மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டுப் போடுங்க" என்றேன். சீட்டு எழுதியவர் தலையைத் தூக்கி, எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பேஷண்ட் எங்க?" என்றார். "நான்தாங்க." "நல்லாத்தானே இருக்கீங்க?" வரிசையில் யாரோ சிரித்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு மாடி ஏறிப் போனால் அறை பூட்டியிருக்கிறது. டாக்டர் இன்றைக்கு வரமாட்டாராம். அதைக் கீழேயே சொல்லியிருக்கலாம். இது இரண்டாவது நடை. முதல் நடையில் பன்னிரண்டு மணிக்கு மேல் போனதால் சீட்டே போடவில்லை. இரண்டு முறையும் பஸ்ஸில்தான் போனேன், ஏனென்றால் எனக்கு இருந்த வியாதியே பைக் ஓட்டப் பயம். ஊர் எதுவானாலும், போகிறவர்கள் மனநல ஓ.பி. எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி வரை என்று முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் விதை, பூச்சிமருந்து கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. தருமபுரியில் வீடு. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை என்று தக்காளி விளைகிற பக்கமெல்லாம் கடை கடையாக, தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பதினான்கு வருஷமாக ஓட்டுகிறேன். பைக் பயம் என்று எவனாவது சொன்னால் முதலில் சிரித்திருக்கக்கூடிய ஆள் நான்தான்.

போன வருஷம் ஆனி மாதம். சேலத்தில் மீட்டிங். தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தேன். தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் முழுக்க இறக்கம், கூடவே வளைவு. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டுக்கொண்டு வருகிற லாரிகளும் உண்டு. கியர் இழுத்துப் பிடிக்காததால் மொத்தப் பாரமும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறிக் கடைசியில் பிடிக்காமல் போய்விடும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பரில் ஒரே லாரி பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை நசுக்கி 4 பேர் இறந்ததும் அங்கேதான். எனக்கு முதலில் வந்தது சத்தம் இல்லை, வாடை. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற மாதிரி ஒரு வாடை. என் வண்டியில்தான் ஏதோ கருகுகிறது என்று குனிந்து பார்த்தேன். அப்புறம்தான் ஹார்ன். விட்டுவிட்டு அடிக்கவில்லை, அழுத்திய கை எடுக்காமல் ஒரே நீளமாக. இடது பக்கம் ஒதுங்கினேன், ஜல்லியில் முன் சக்கரம் சறுக்கி விழுந்தேன். லாரி என்னைத் தாண்டிப் போய், கீழே எங்கேயோ மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். மீட்டிங்குக்கே போய்ச் சேர்ந்தேன், இட்லி சாப்பிட்டேன்.

அதனால்தான் யாருக்கும் புரியவில்லை. விழுந்த மறுநாள் நன்றாக ஓட்டினேன். பயம் ஒரு மாதம் கழித்து, கந்துவட்டி மாதிரி ஏறியது. முதலில் சேலம் மீட்டிங்குக்கு ஏதோ காரணம் சொல்லிப் பஸ்ஸில் போனேன். அப்புறம் ராத்திரியில் ஓட்டுவதை விட்டேன். அப்புறம் லாரி பின்னால் வந்தால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, அது போன பிறகு கிளம்புவேன். கையில் பிடி அவ்வளவு இறுக்கமாக இருக்கும், வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைய விரல் மடங்காது. பாலக்கோடு ரோட்டில் இருபத்தைந்தில் போய்க்கொண்டிருந்த என்னை, தக்காளி கிரேட் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஓவர்டேக் செய்தது. டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். மெதுவாகப் போனால் பத்திரம் என்று நினைத்தேன். எல்லா வண்டியும் அறுபதில் போகிற ரோட்டில் ஒருத்தன் மட்டும் இருபத்தைந்தில், அதுவும் ஓர மண்ணில், போவதுதான் பெரிய ஆபத்து. அது அப்புறம்தான் புரிந்தது.

இதில் நானே எண்ணெய் ஊற்றியதும் உண்டு. படுக்கையில் போனை எடுத்தால் விபத்து வீடியோ. 2024 ஜனவரியில் தொப்பூரில் நடந்த விபத்தின் சிசிடிவி காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. எங்கே தப்பு நடந்தது என்று கற்றுக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்று பார்த்தால் போன் இன்னும் பத்து காட்டும்.

வைத்தியம் பார்த்த கதை நீளம். அம்மா சொன்னார் என்று தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போய் வெண்பூசணி விளக்கு ஏற்றினேன். மனதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைய கூட்டத்தில் வண்டிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து வந்ததில் பயம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அடுத்து ஒரு கிளினிக். டாக்டர் இரண்டு நிமிஷம் கேட்டார். "டென்ஷன்தான், வேற ஒண்ணுமில்ல" என்று மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று போட்டுக்கொண்டு பதினோரு மணிக்கு மாரண்டஅள்ளியில் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். நல்லவேளை, அன்றைக்கும் பஸ். மருந்துக்கடையில் கேட்டால், "இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டக்கூடாதுங்க, சொல்லலையா?" என்கிறார்கள். சொல்லவில்லை. சளிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளுக்கும் இதே கதைதான். எந்த டாக்டராக இருந்தாலும் "இதைப் போட்டுக்கிட்டு பைக் ஓட்டலாமா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

பூட்டிய அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து 14416க்குப் போன் போட்டேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022இல் ஆரம்பித்த இலவச எண். தமிழிலேயே பேசலாம், ராத்திரி பகல் எப்போதும். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. எடுத்த பெண் "பயப்படாதீங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுவே பாதி ஆறுதல். வீட்டில், கடையில், கம்பெனியில் எல்லோரும் அதைத்தானே சொன்னார்கள். "எந்த ரோட்டுல எவ்வளவு பயம், ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் மார்க் போட்டு எழுதுங்க சார்" என்றார். ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பயம் ஏறுகிற நேரத்தில் பாதியில் ஓடி வரக்கூடாது. ஓடி வந்ததால்தான் பிழைத்தோம் என்று மனது கணக்கு எழுதிக்கொள்ளுமாம். பயம் பாதியாக இறங்கும்வரை அங்கேயே இருந்துவிட்டு வர வேண்டும். வீடியோவை அன்றே நிறுத்தச் சொன்னார். தூக்கம் கெட்டால், நெஞ்சு படபடப்பு நிற்காவிட்டால் கட்டாயம் நேரில் டாக்டரைப் பாருங்கள் என்றும் சொன்னார்.

பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுத ஆரம்பித்து, இடம் போதாமல் ஆஸ்பத்திரிச் சீட்டுக்குப் பின்னால் எழுதினேன். அந்தச் சீட்டுக்கு அப்படி ஒரு உபயோகம் வந்தது. ஒன்று: தெருமுனைப் பால்கடை. மூன்று: புலிகரை வரை, பகலில். ஏழு: ராயக்கோட்டை, இருட்டிய பிறகு. பத்து: தொப்பூர் இறக்கம்.

நாலாவது வரியில் வண்டியே கிடையாது. பைபாஸ் ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்து லாரி பார்ப்பது, அவ்வளவுதான். முதல் பத்து நிமிஷம் ஒவ்வொரு ஹார்னுக்கும் டீ தளும்பியது. கடைக்காரர், "யாருக்காகவாவது வெயிட் பண்றீங்களாண்ணா?" என்று கேட்டார். எண்பத்திரண்டாவது லாரிக்கு அப்புறம் எண்ணுவதை மறந்துவிட்டேன். கவனித்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் தக்காளி விலை பேசிக்கொண்டிருந்தேன். நாலு நாள் இப்படி. சின்ன விஷயம்தான், ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஏதோ பரீட்சை பாஸ் பண்ணினவன் மாதிரி சொன்னேன்.

ஏழாவது வரியில்தான் மாட்டிக்கொண்டேன். ராத்திரியில் எதிர் விளக்கு வந்தால் ரோடு முழுக்க வெள்ளை. கண் போய்விட்டது என்றே நினைத்து, கண் டாக்டரிடம் போய் அதற்கும் ஒரு நாள் விரயம். கண்ணில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். மகள் அதற்குள் டார்ச் அடித்து விளையாடினாள். வைசரில் ஆயிரம் கீறல், சிலந்தி வலை மாதிரி ஜொலிக்கிறது. மூன்று வருஷமாகத் தூசியோடு சட்டை முனையில் தேய்த்துத் துடைத்ததன் பலன். மறுநாள் புது வைசர் போட்டேன். எதிர் விளக்கு வெறும் விளக்காகத் தெரிந்தது. என் இரவுப் பயத்தில் பாதியை இதோடு கழற்றிக் குப்பையில் போட்டேன் என்று சொன்னால் மிகையில்லை. வைசரைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.

அதிலிருந்து சந்தேகம் வந்து வண்டியைப் பார்த்தேன். மெக்கானிக் எப்போதும் "ஒண்ணும் இல்லண்ணா, நல்லா இருக்கு" என்பார். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். என் முன் டயரில் 2216. அதாவது 2016இன் 22ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் இன்னும் தேயவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ரப்பர் கல்லாகி, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. ஜல்லியில் அது சறுக்காமல் என்ன செய்யும்? என் பயம் முழுக்கப் பைத்தியக்காரத்தனம் இல்லை, கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கிறது என்று தெரிந்ததில் ஒரு விதமான நிம்மதி.

அப்புறம் மாமா. அம்மாவின் தம்பி, முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். "முன் பிரேக் புடிப்பியா மாப்ள?" என்று கேட்டார். இல்லை. குப்புற விழுவாய் என்று பதினைந்து வயதில் எவனோ சொன்னதை நம்பி, பதினான்கு வருஷம் பின் பிரேக்கிலேயே ஓட்டியிருக்கிறேன். மனை போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட்டுக்கு ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூட்டிப்போனார். தார் ரோடு, ஆள் கிடையாது, மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக் கற்கள். நாற்பதில் வந்து ஒரு கல்லுக்கு நேராகப் பிரேக். பின் பிரேக் மட்டும் பிடித்து நின்ற இடத்தை மாமா காலால் அளந்தார்: இருபத்தெட்டு தப்படி. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்காமல் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கூட்டிக் கூட்டிப் பிடித்தால் பதினேழு. அந்தப் பதினோரு தப்படியில் ஒரு லாரியே நிற்கும். 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் 125 சிசி வரையுள்ள வண்டிகளில் ஒன்றை அழுத்தினால் இன்னொன்றும் பிடிக்கும் ஏற்பாடோ, சக்கரம் பூட்டிச் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸோ இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. என் பழைய வண்டியில் இரண்டும் இல்லை, கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். மணலிலும் வளைவிலும் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கினால் விழுவது நிஜம், அதையும் மெதுவாகக் காட்டினார். ஐந்து ஞாயிறு போனோம். அவர் சொன்ன இன்னொன்று: "லாரிக் கண்ணாடியில டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரியலன்னா, நீ அவனுக்குத் தெரியல." பஸ்ஸுக்கு இடதுபக்கம் நுழைந்தால் அவரே இறங்கி வந்து அடிப்பாராம்.

பயத்தின் அடியில் வீட்டுக் கவலையும் கிடந்தது. ஒரு ராத்திரி இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்த்தால், ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, அந்த 15 லட்சம், அந்த வரியில் வெறும் கோடு. ஏஜெண்டைக் கேட்டால், "நீங்கதான சார் கம்மியா போடச் சொன்னீங்க?" சொல்லியிருப்பேன். மூன்றாம் நபர் காப்பீடு நம் உடம்புக்கு ஒரு பைசா தராது, பார்த்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாயில் தனியாக எடுத்தேன். லைசென்ஸ் காலாவதியானால் அதுவும் செல்லாது. பர்ஸில் ரத்தப் பிரிவும் மனைவி நம்பரும் எழுதிய அட்டை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும், தமிழக அரசு செலவில் உண்டு என்பதை மனைவிக்குச் சொல்லி வைத்தேன். அவள், "ஏங்க, காலங்காத்தால இதையா பேசுவீங்க?" என்று எழுந்து போனாள். நான்தான் அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஒன்பதாவது வரியைப் போன மாதம் அடித்தேன், ராயக்கோட்டையிலிருந்து ராத்திரி எட்டரைக்கு மழைத் தூறலில் வந்து. பத்தாவது அப்படியே இருக்கிறது. சேலம் மீட்டிங்குக்கு இன்னமும் பஸ்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. "தை பொறக்கட்டும் மாப்ள, நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்கிறார் மாமா. பஸ் கணவாயில் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என் மூக்கு மட்டும் தானாக அந்த வாடையைத் தேடுகிறது.