கருவலூர் பக்கம் குடிவந்து நெட் இழுத்த அனுபவம்

கோவை சிங்காநல்லூரில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, போன வைகாசியில் அவிநாசியை அடுத்த கருவலூர் பக்கம் சைட்டில் கட்டிய சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம். இடம் வாங்கும்போது என்னென்னவோ விசாரித்தோம். போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர், நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எல்லாம் கேட்டோம். நெட்டைப் பற்றி மட்டும், "எல்லாக் கம்பெனியும் வருதுங்க" என்று சைட்காரர் சொன்னதோடு விட்டுவிட்டோம். அந்த ஒரு வாக்கியத்தை நம்பியதில் இரண்டு மாதம் போனது. புதிதாக வீடு கட்டி ஊருக்கு வெளியே வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. வெளிநாட்டு பையர்களோடு வீடியோ கால் பேச வேண்டும், சாம்பிள் போட்டோக்களையும் டெக் பேக் ஃபைல்களையும் ஏற்றி அனுப்ப வேண்டும். நெட் இல்லாவிட்டால் அந்த மூன்று நாளும் அவிநாசி போய் பஸ் மாறி ஆபீஸ் போக வேண்டியதுதான். பையன் வேறு பத்தாம் வகுப்பு.

முதலில் ஒரு பெரிய கம்பெனியின் ஆப்பில் பின்கோடு போட்டுப் பார்த்தேன். "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று பச்சை டிக் வந்தது, ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டினேன். இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று 19 நாள் ஓடியது. இருபதாம் நாள் ஒரு டெக்னீஷியன் வந்தார், மொட்டை மாடியில் ஏறி நாலு பக்கமும் பார்த்தார், இறங்கி வந்து, "கடைசி பாக்ஸ் மெயின் ரோட்டுலயே நிக்குதுங்க, இங்கிருந்து 700 மீட்டர் இருக்கும். பத்து கனெக்ஷன் சேர்ந்தாத்தான் கேபிள் இழுப்பாங்க" என்றார். பாவம், அவர்தான் அந்த இருபது நாளில் உண்மையைச் சொன்ன முதல் ஆள். யோசித்துப் பார்த்தால், பின்கோடு என்பது தபால்காரருக்காகப் போட்டது, ஒரே எண்ணுக்குள் பல ஊர் அடங்கும், ஏதோ ஒரு மூலையில் ஒரு தெருவுக்கு லைன் போயிருந்தாலும் ஆப் பச்சை டிக் காட்டிவிடும். முன்பணம் திரும்பி வர இன்னும் பதினோரு நாள் ஆனது.

அதுவரை போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரு நாள் டேட்டா மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும், வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு, கால் வந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி டேங்க் நிழலுக்குப் போய்விடுவேன். ஒரு முறை பையர் பட்டன் நிறத்தை மாற்றச் சொன்னது விட்டு விட்டுக் கேட்டு, மறுபடி மெயில் போட்டு உறுதி செய்ய வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் இனி ஆப்பை நம்பி ஆகாது, நடந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பொழுதோட வெயில் இறங்கினதும் கிளம்பினேன். எங்கள் வீதிக் கம்பத்திலிருந்து ஆரம்பித்து, ஈ.பி. கம்பியைத் தவிர வேறு கறுப்பு ஒயர் எது வருகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். அத்திக்கடவுத் திட்டத் தண்ணீர் வந்த பிறகு குளத்தில் தண்ணீர் நிற்கிறது, அந்தக் கரை வரைக்கும் போய்த் திரும்பும்போது பார்த்தால், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கம்பம் வரைக்கும் மெல்லிசாக ஒரு ஒயர் வந்து, வளையமாகச் சுருட்டிக் கட்டி நின்றது. அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே போனால் தோட்டத்துப் பெரியம்மா ஒருவரின் வீடு. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து விசாரித்தேன்.

வேகம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அதற்கு அவருக்குப் பதில் தெரிந்திருக்காது. கடைசியாக எப்போது லைன் போனது, யார் வந்து சரி செய்தார்கள், எத்தனை நேரத்தில் வந்தார்கள் என்று கேட்டேன். "தேங்கா பறிக்கறன்னிக்கு மட்டை விழுந்து ஒருக்கா அந்துபோச்சு கண்ணு. போன் பண்ணுனேன், பொழுதுக்குள்ள வந்து கட்டிக் குடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். பேரனிடம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் படம் நின்று நின்று வருகிறதா என்று கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் இழுக்கும் என்றான். இந்த இரண்டு பதிலும் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது. அப்புறம் இன்னும் மூன்று வீடு கேட்டேன், எல்லாரும் அந்த ஒரே கேபிள்காரத் தம்பியின் நம்பரைத்தான் கொடுத்தார்கள்.

நடுவில், 2023லிருந்து விற்கிற, ஒயர் இல்லாமல் டவரிலிருந்தே நெட் வாங்குகிற 5ஜி ஏர்ஃபைபர் பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. பின் வீதியில் ஒருவர் மாடியில் மாட்டியிருந்தார், அவர் அனுமதியோடு என் போனில் சோதித்துப் பார்த்தேன். இறக்கம் (டவுன்லோட்) நொடிக்கு 60 மெகாபிட்டுக்கு மேல் அருமையாக வந்தது, ஏற்றம் (அப்லோட்) மட்டும் ஆறைத் தாண்டவில்லை. படம் பார்க்கிற வீட்டுக்கு அது தாராளம். எனக்கு 200 எம்.பி. ஃபைல் ஒன்றை ஏற்ற வேண்டும் என்றால் ஆறு மெகாபிட்டில் நாலரை நிமிஷம், 40 மெகாபிட்டில் 40 நொடி. இங்கே நிறையப் பேர் குழப்பிக்கொள்வதால் சொல்கிறேன், கம்பெனிக்காரர் சொல்கிற 40 என்பது மெகாபிட், அதை எட்டால் வகுத்தால்தான் நம் ஃபைல் அளவுக் கணக்கு வரும், அதாவது நொடிக்கு ஐந்து எம்.பி. போதாததற்கு எங்கள் வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் தென்னந்தோப்பு வேறு. ஒயர்தான் என்று தீர்மானித்தேன்.

நான் போன் பண்ணிய மறுநாளே கேபிள்காரத் தம்பி வந்தார். ஒரு கேள்வியை மட்டும் அழுத்திக் கேட்டேன்: உங்கள் ஆபீஸுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் எங்கேயாவது கரண்ட்டில் ஓடுகிற பெட்டி இருக்கிறதா? சிங்காநல்லூரில் பட்ட பாடு அது. அங்கே எங்கள் லைன் இன்னொரு வீட்டு மாடியில் இருந்த ஸ்விட்ச் பெட்டி வழியாக வந்தது, அந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போய் மெயினை ஆஃப் செய்துவிட்டால் எங்கள் நெட்டும் போய்விடும். தம்பி சிரித்துவிட்டு, "இல்லீங்க்கா, இது ஜீபான், கண்ணாடி இழையில வெளிச்சமா வர்ற லைன். நடுவால இருக்கறது வெளிச்சத்தைப் பிரிச்சு விடற வெறும் ஸ்ப்ளிட்டர், அது கண்ணாடி மட்டுந்தான், அதுக்குக் கரண்டே வேண்டாம். எங்க ஆபீஸ்ல பேட்டரி ஓடுது, உங்க வீட்டுல ஓடுனா நெட் வரும்" என்றார். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு மின்தடை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காத ஊரில் இது சின்ன விஷயமே இல்லை. ரௌட்டருக்கென்று 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ். தனியாகக் கிடைக்கிறது, அதை அன்றைக்கே ஆர்டர் போட்டேன்.

ஒயர் இழுத்த நாளை மறக்க முடியாது. மூன்றாவது கம்பத்தில் சுருட்டி வைத்திருந்ததை அவிழ்த்து வீடு வரைக்கும் கொண்டுவந்தார்கள். தம்பி படிக்கட்டில் உட்கார்ந்து கறுப்பு உறையை உரித்தார், அதற்குள் ஒரு கலர் உறை, அதையும் வழித்து எடுத்தால் தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை, கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, முனையை நறுக்கி, ஒரு டிபன் பாக்ஸ் அளவு மிஷினுக்குள் இரண்டு பக்கமும் வைத்து மூடினார். அதன் சின்னத் திரையில் இரண்டு முனையும் பெரிதாகத் தெரிந்தன, மெதுவாக நகர்ந்து நேருக்கு நேர் வந்தன, ஒரு வெளிச்சம் வெட்டியது, ஒன்றாகிவிட்டது. பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், வீட்டுக்கு வந்து சேருகிற வெளிச்சம் எவ்வளவு என்று அளக்கிற மீட்டரை மாட்டி மைனஸ் 19 என்று காட்டினார். மைனஸ் 27ஐ ஒட்டிப் போனால் லைன் விட்டுவிட்டு வரும், உங்களுக்கு நல்ல பவர் என்றார். நீங்களும் இந்த எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள், பின்னாளில் மெதுவாகிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம், வீடு கட்டும்போது ஒரு காலிக் குழாய் போடாமல் விட்டதுதான். போர்டிகோ சுவரிலிருந்து ஹால் நடு வரைக்கும் ஒரு குழாய் பதித்திருந்தால் ரௌட்டர் நடு வீட்டில் உட்கார்ந்திருக்கும். இப்போது வாசல் பக்க ஜன்னலில் துளை போட்டு அங்கேயே மாட்டியாயிற்று, பின்னால் பையன் ரூமில் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எட்டவில்லை, மெதுவான 2.4தான் சுவர் தாண்டிப் போகிறது. கட்டிக்கொண்டிருப்பவர்கள் எலக்ட்ரீஷியன் சுவர் வெட்டுகிற சமயத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் பற்றி: மாதம் 499 என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 589 ரூபாய் வரும், இதைக் கணக்கில் வைத்துத்தான் திட்டங்களை ஒப்பிட வேண்டும். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றார்கள், ஆசையாகத்தான் இருந்தது, ஆனாலும் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டினேன். அன்லிமிடெட் என்று போட்டிருப்பதில் பெரும்பாலும் மாதம் 3,300 ஜி.பி. என்று ஓர் எல்லை உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு நாளைக்கு 110 ஜி.பி. ஆகிறது, நாலு பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு செலவாகாது.

ஆடிக் காற்று ஆரம்பித்த வாரம் முதல் சோதனை வந்தது. காலை பத்தரை மணி, வீடியோ கால் நடந்துகொண்டிருக்கும்போதே நெட் நின்றது. பெட்டியில் லாஸ் (LOS, சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) விளக்கு சிவப்பாக மின்னியது, அப்படி மின்னினால் கண்ணாடி இழை எங்கேயோ அறுந்திருக்கிறது என்று தம்பி முதல் நாளே சொல்லியிருந்தார், அதனால் ரௌட்டரை அணைத்துப் போட்டு நேரத்தைக் கழிக்காமல் உடனே கூப்பிட்டேன். போன் ஹாட்ஸ்பாட்டில் வீடியோ காலை முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், தோட்டத்துப் பெரியம்மா வீட்டு வேலியோரம் மட்டை விழுந்து ஒயர் தரையில் கிடந்தது, தம்பி ஏற்கெனவே ஏணியோடு நின்றிருந்தார். பன்னிரண்டரைக்கு விளக்கு பச்சையாகிவிட்டது. இந்த முறை ஒயரை மரத்தை விட்டு எதிர்ப் பக்கக் கம்பத்துக்கு மாற்றிக் கட்டினார்.

அந்த மாதக் கடைசியில் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன், ஆபீஸில் காட்ட என் பெயரிலேயே பில்லும் வாங்கினேன். போன வாரம் எதிர் சைட்டில் வீடு கட்டுகிற அம்மா வந்து எந்தக் கம்பெனி நல்லதுங்க என்று கேட்டார்கள். வாங்க என்று மூன்றாவது கம்பம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் ஒயரைக் காட்டினேன், தம்பி நம்பரைக் கொடுத்தேன், அப்படியே அவர்கள் எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு அந்தக் காலிக் குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேன்.