பணக்காரர்களின் கோலிக்குண்டு

நேற்று இரவு தண்டையார்பேட்டையில் கேரம் பலகையைச் சுற்றி நின்றிருந்தோம். பேச்சு எப்படியோ கோல்ஃபுக்குப் போனது. "அது பணக்காரர்களின் கோலிக்குண்டு, அண்ணா" என்றான் ஒரு தம்பி. சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் கோல்ஃப் திடல் ஏது? நந்தனம் போலக் கூவத்துக்கு அந்தப் பக்கம்தான்.

ஆனாலும் விடாமல் கோல்ஃப் வீரர் எஸ்.எஸ்.பி. சௌராசியாவைப் பற்றிச் சொன்னேன். அவருடைய அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவர். பிள்ளை அங்கேயே பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து ஆட்டத்தைக் கற்றார். 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார். ஐரோப்பாவின் தொழில்முறை கோல்ஃப் தொடரான ஐரோப்பிய டூரின் போட்டி அது! 2011இல் அவந்தா மாஸ்டர்ஸ். 2016, 2017 இரண்டு ஆண்டும் அடுத்தடுத்து இந்தியன் ஓப்பன். நடுவில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடியது வேறு. பந்தை வெகுதூரம் விளாசுகிற ஆள் இல்லை. குழியை நெருங்கிய பிறகுதான் அவருடைய கை பேசும்.

தம்பி பதில் சொல்லவில்லை. பலகையில் போரிக் பவுடரைத் தூவி, குனிந்து ஒரு கண்ணை மூடி, சிவப்புக் காயைத் தொட்டும் தொடாமலும் தட்டினான். அது குழியின் விளிம்பு வரை போய் நின்றுவிட்டது.

"சௌராசியாவைக் கூப்பிடுங்கள் அண்ணா" என்றான்.