வெரி எம்ப்டி டேங்க்

2019 கோடையில் சென்னையில் குடியிருந்தவர்களுக்குத் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் அடுக்ககத்தில் இதுபோக இன்னொரு பிரச்சினையும் இருந்தது. ஆங்கில இலக்கணம்.

எங்கள் செக்ரட்டரி சார் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். நடுராத்திரி லாரி வந்தாலும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே நிற்பார். ஆனால் நோட்டீஸ் என்றால் அவருக்கு ஆங்கிலம்தான், ஆங்கிலம் என்றால் 'வெரி'தான். பெருங்காயம் மாதிரி எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை போட்டால்தான் அவருக்குத் திருப்தி.

அந்த மே மாத நோட்டீஸில் மூன்று விஷயங்கள் இருந்தன. மெயின்டெனன்ஸ் கட்டுவது 'வெரி மேண்டேட்டரி'. லிஃப்ட்டில் 'வெரி எலக்ட்ரிக்கல் ப்ராப்ளம்'. மொட்டை மாடி டேங்க் 'வெரி எம்ப்டி'.

மறுநாள் காலை பார்த்தால் மூன்று வெரிக்கும் சிவப்பு மையில் வட்டம். ஓரத்தில், அடிக்கோடு போட்டு, 'நான்-கிரேடபிள்!' என்று எழுதியிருந்தது. யார் வேலை என்று விசாரிக்கத் தேவையே இல்லை. முதல் மாடியில் ஓய்வு பெற்ற ஆங்கில டீச்சர் ஒருவர் இருக்கிறார். சிவப்புப் பேனாவுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம். லாரித் தண்ணீருக்கான பணத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா என்று முடிவு செய்யத்தான் கூடினோம். செக்ரட்டரி சார் எடுத்த எடுப்பிலேயே, "மேடம், நோட்டீஸுக்கெல்லாம் மார்க் போடறீங்களே, என்ன தப்பு கண்டீங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். தண்ணீர்ப் பிரச்சினை அத்தோடு காலி.

டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், ஹாட்டுன்னு சொன்னா அதுக்கு ஏத்த இறக்கம் உண்டு. கொஞ்சம் ஹாட், ரொம்ப ஹாட், நேத்தைவிட ஹாட்டர். அதனால வெரி போடலாம். அதுதான் கிரேடபிள். மேண்டேட்டரியில ஏத்த இறக்கம் ஏது? கட்டணும்னா கட்டணும். கொஞ்சம் கட்டாயம், நிறைய கட்டாயம்னு இருக்கா?"

"இருக்கு மேடம். நாலாவது மாடிக்காரர் ஏழு மாசமா கட்டலை. அவருக்கு வெறும் மேண்டேட்டரி பத்தலை. அதனாலதான் வெரி."

நாலாவது மாடிக்காரர் செல்போனில் ஏதோ அவசரமாகப் படிக்கத் தொடங்கினார்.

"அப்படின்னா 'அப்சல்யூட்லி மேண்டேட்டரி'ன்னு போடுங்க. இந்த மாதிரி வார்த்தைக்கெல்லாம் அப்சல்யூட்லி, கம்ப்ளீட்லி, டோட்டலி, இதுங்கதான் பொருந்தும்."

செக்ரட்டரி சார் டைரியில் குறித்துக்கொண்டார். "அப்போ லிஃப்ட்டுக்கு அப்சல்யூட்லி எலக்ட்ரிக்கல்?"

"அதுக்கு ரெண்டுமே ஒட்டாது. எலக்ட்ரிக்கல்ங்கிறது என்ன வகைக் கோளாறுன்னு சொல்லுது, அவ்வளவுதான். எலக்ட்ரிக்கலா, மெக்கானிக்கலா?"

"கோளாறு பெரிசு மேடம். அதைச் சொல்ல வேண்டாமா?"

"பெரிசுங்கிறதை பெரிசுன்னே சொல்லுங்க. வெரி பிக் எலக்ட்ரிக்கல் ப்ராப்ளம்."

இதில் டீச்சர் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. இந்த வகை சொல்லும் வார்த்தைகளும் சில சமயம் கட்சி மாறிவிடும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் வெரி போட முடியாது. ஆனால் மழையில் நனைந்துகொண்டு புலம்பாமல் வரிசையில் நிற்கிறவரை 'வெரி பிரிட்டிஷ்' என்றால் யாரும் வட்டம் போட மாட்டார்கள். அங்கே அது நாட்டைச் சொல்லவில்லை, குணத்தைச் சொல்கிறது. குணம் என்று வந்துவிட்டால் கூடலாம், குறையலாம்.

இதற்குள் ஐந்தாவது மாடி அம்மா, "மாடி வெரி பாயிலிங்கா இருக்கு, கீழே பார்க்கிங்குக்குப் போயிடலாமே" என்றார். தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டார். பாயிலிங்கிலேயே வெரி ஏற்கெனவே கரைந்திருக்கிறதாம். வெரி ஹாட்டின் உச்சம்தான் பாயிலிங். வெரி கோல்டின் உச்சம் ஃப்ரீஸிங், வெரி டயர்டின் உச்சம் எக்ஸாஸ்டெட். உச்சிக்குப் போன பிறகு மறுபடி ஏற இடம் இல்லை. அதனால் அப்சல்யூட்லி பாயிலிங். எதுவும் நினைவில் நிற்காவிட்டால் 'ரியலி' போட்டுத் தப்பிக்கலாம், அது இரண்டு பக்கமும் பேசும் என்றார் டீச்சர். அந்த அம்மா அப்சல்யூட்லி எக்ஸாஸ்டெட் ஆகிக் கீழே போய்விட்டார்.

இரண்டாவது மாடியில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய சாஃப்ட்வேர் தம்பி ஒருவர். இவர் சும்மா இருக்கக் கூடாதா? "ஆன்ட்டி, பெர்ஃபெக்ட்டும் நான்-கிரேடபிள்தானே? அமெரிக்க அரசியல் சட்டத்தோட முகவுரையிலேயே 'மோர் பெர்ஃபெக்ட் யூனியன்'னு இருக்கே. 1787-ல எழுதினது."

"அவங்க சுதந்திரம் வாங்கிட்டு எழுதினாங்க தம்பி. நாம முதல்ல தண்ணி வாங்குவோம்."

கைதட்டல். எனக்கென்னவோ அந்தத் தம்பி பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. 'வெரி யூனிக்' என்று ஆங்கிலேயர்களே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், இலக்கணக்காரர்களும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லி என் ஞாயிற்றுக்கிழமையை நீட்டிக்க எனக்கு விருப்பமில்லை.

கடைசியில் எம்ப்டிக்கு வந்தார்கள். உண்மையில் இதுதான் சுவாரசியமான இடம்.

"காலின்னா காலி. வெரி காலி கிடையாது. ஆனா காலியாகிற வழியில எங்கே நிக்கறோம்னு சொல்லலாம். ஹாஃப் எம்ப்டி, ஆல்மோஸ்ட் எம்ப்டி, கம்ப்ளீட்லி எம்ப்டி. டால்னு ஒரு வார்த்தை இருக்கே, அதை ஹாஃப் டால்னு சொல்லிப் பாருங்க, வராது. ஏன்னா உயரத்துக்கு இதுதான் முடிவுன்னு ஒரு கோடு இல்லை. டேங்குக்கு அடி இருக்கு சார். அடி தெரிஞ்சாத்தான் பாதி, முக்கால்னு அளக்க முடியும்."

செக்ரட்டரி சாருக்கு இது பிடித்துவிட்டது. அடுத்த வாரமே பயன்படுத்தினார். 'டேங்க் ஈஸ் ஆல்மோஸ்ட் எம்ப்டி.' இலக்கணப்படி சுத்தமான வாக்கியம். டீச்சர் ஒரு டிக் போட்டிருந்தார். மூன்றாவது மாடிப் பையன்கள் அதைப் படித்தார்கள். ஆல்மோஸ்ட் என்றால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தமாயிற்றே, தீர்வதற்குள் வாரத் துணியை முடித்துவிடலாம் என்று வாஷிங் மெஷினை ஓடவிட்டார்கள். ஒன்பது மணிக்கு எல்லா வீட்டுக் குழாயிலும் காற்று. எனக்குத் தலையெல்லாம் ஷாம்பு.

"வெரி எம்ப்டின்னு போட்ட காலத்துல எல்லாரும் பயந்து சிக்கனமா இருந்தாங்க மேடம்," என்றார் செக்ரட்டரி சார். பதில் சொல்ல டீச்சருக்கே கொஞ்சம் நேரம் ஆனது.

அடுத்த நோட்டீஸை டீச்சரே எழுதிக் கொடுத்தார். 'குவைட் எம்ப்டி.' இதில் ஒரு வில்லங்கம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் குவைட் ஒரு பச்சோந்தி. டயர்ட் மாதிரி ஏற்ற இறக்கம் உள்ள வார்த்தைக்கு முன்னால் வந்தால் 'ஓரளவு'. எம்ப்டி, டெட் மாதிரி வார்த்தைகளுக்கு முன்னால் வந்தால் 'முழுக்க முழுக்க'. டீச்சர் நினைத்தது முழுக்க. முக்கால்வாசிப் பேர் படித்தது ஓரளவு. சாஃப்ட்வேர் தம்பி அமெரிக்க வழக்கப்படி 'ரொம்ப' என்று படித்தார். மூன்று அர்த்தம், ஒரு டேங்க். மூன்றாவது மாடியில் மறுபடி மெஷின் ஓடியது.

செக்ரட்டரி சார் வெறுத்துப்போனார். இனி இங்கிலீஷே வேண்டாம், சொந்த பாஷையில் எழுதினால் எந்த கிரேடும் குறுக்கே வராது என்று, கொட்டை எழுத்தில் ஒரே வரி ஒட்டினார்.

'இன்று டேங்கில் தண்ணீர் சுத்தமாக இல்லை.'

எட்டு மணிக்குள் ஐந்தாவது மாடி அம்மா பிளீச்சிங் பவுடரோடு வந்துவிட்டார். சாஃப்ட்வேர் தம்பி, பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பாட்டிலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு சொட்டு வரவில்லை. இரண்டு வீட்டில் குழந்தைக்கு நேற்றிலிருந்தே வயிற்று வலி என்றார்கள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா சார், 'அறவே இல்லை'ன்னு எழுதிக் கொடுத்திருப்பேனே" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

நாலாவது மாடிக்காரர் மட்டும் நிதானமாக இறங்கி வந்து நோட்டீஸை இரண்டு முறை படித்தார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு, சுத்தமான தண்ணீர் கொடுக்கிற வரைக்கும் மெயின்டெனன்ஸ் கட்டுவதாக இல்லை என்று அறிவித்துவிட்டு மேலே போனார்.