செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு கேமரா

6 அக்டோபர் 2025, திங்கள்
துணியில் டேமேஜ் இருக்கிறதா என்று பார்க்கும் புது மெஷினை இன்று கம்பெனியில் ஓட்டினோம். அடியில் விளக்கு, மேலே கேமரா, நடுவே ரோல் ஓடுகிறது. ஓட்டை, ஊசிக்கோடு (பின்னல் ஊசி பழுதானால் விழும் கோடு), எண்ணெய்க்கறை, லைக்ரா கட் (இழுபடும் லைக்ரா நூல் அறுந்த இடம்) எதுவானாலும் படம் பிடித்து, அளந்து, குறைக்குப் புள்ளி போட்டுவிடுகிறது. 3 அங்குலத்துக்குள் என்றால் 1, 9 அங்குலம் தாண்டினால் 4. நாங்கள் கையால் எழுதிவரும் அதே கணக்கு. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு யார் கண்ணும் சோரும், இதற்குச் சோர்வில்லை. கண் எரிச்சலோடு பஸ் ஏறும் பெண்களைத் தினமும் பார்ப்பவள் நான். எனக்குச் சந்தோஷம்தான்.

8 அக்டோபர், புதன்
ஸ்லப் துணி போட்டோம். அந்த நூலில் தடிப்பும் மெலிவும் வேண்டுமென்றே வைப்பது. கேமரா அத்தனையையும் டேமேஜ் என்று சிவப்புக் கட்டம் கட்டித் தள்ளியது. செக்கிங்கில் மூத்த அக்காவைக் கூப்பிட்டேன். சின்ன வயதில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, வந்தவர். திரைப் பக்கமே திரும்பவில்லை. துணியை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, உள்ளங்கையால் நீவி, அகலவாக்கில் இழுத்தார்.

"இது நூலோட வாகு கண்ணு. இதா பாரு, இதுதான் ஊசி போனது. இழுத்தா கோடு விரியுது."

"ஏனுங்க்கா, தொட்டதுமே தெரியுதுங்களா?"

"பின்னே?"

அவர் சொல்லச் சொல்ல, திரையில் 'சரி', 'தவறு' என்று நான் தட்டினேன். அந்தத் தட்டல்களை வைத்துத்தான் மெஷின் அடுத்த தடவை திருந்துகிறது. சாயங்காலம் வரை அவர்தான் வாத்தியார்.

11 அக்டோபர், சனி
சம்பள நாள். செக்கிங்கில் ஆள் குறைக்கப் போகிறார்களாம். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியில் திருப்பூருக்கே ஆர்டர் அடி வாங்கியிருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மெஷினைச் சாக்குச் சொல்வதுதான் பொறுக்கவில்லை. மெஷினில் உட்காரப்போவது டிப்ளமோ படித்த பையனாம். திரையைத் தட்ட ஒரு நாளில் பழகிவிடலாம். துணியைப் படிக்க?

12 அக்டோபர், ஞாயிறு
ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆர்டர் கொடுக்கும் பையருக்கு மெயில் எழுதப் பயந்தவள், இப்போது தமிழில் சொல்லி சாட்ஜிபிடியில் இங்கிலீஷாக வாங்கிக்கொள்கிறாள். அளவுகளை மட்டும் சாம்பிளோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே அனுப்புவாளாம். கெட்டிக்காரி.

14 அக்டோபர், செவ்வாய்
மேனேஜரிடம் பேசினேன். மூத்த அக்காவும் இன்னும் இரண்டு பேரும் மெஷினில் உட்காரட்டும், ஷிப்ட் கூலி குறையக்கூடாது என்றேன். "தீபாவளி போகட்டும்மா" என்றார். விடவில்லை. புதன்கிழமை ரோலின் ரிப்போர்ட்டை, அக்கா திருத்துவதற்கு முன்பும் பின்பும் எடுத்தது, அவர் மேஜையில் பரப்பினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அக்காவுக்குச் சரி என்றுவிட்டார். மற்ற இருவருக்கும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். 20ஆம் தேதி தீபாவளிக்கு முன்பே பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.